பெரிய பெயர் இல்லாத கொரிய, ஜப்பானியப் படங்கள்: கதைச் சுருக்கம் வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள்

பின்வரிசை எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

'பாரசைட்', 'ஓல்ட்பாய்', 'ட்ரெயின் டு பூசான்' பற்றியெல்லாம் இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. எல்லாம் நல்ல படங்கள்தான். அவற்றுக்கு முன்னும் பின்னும் வந்து, நம் பக்கம் யாரும் பேர்கூடச் சொல்லாமல் போன படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைக்கிற எழுத்து பெரும்பாலும் ஒரே அச்சு. முக்கால்வாசி கதைச் சுருக்கம், அப்புறம் "கிளைமாக்ஸ் ட்விஸ்ட் வேற லெவல்", அப்புறம் பத்துக்கு எட்டு மார்க். படித்து முடித்த பிறகும் அந்தப் படம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குள் எதுவும் வராது. கதை தெரிந்துவிட்டதால் பார்க்கிற ஆசையும் போய்விடும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காட்சியோ, ஒரு பொருளோ, ஒரு சத்தமோ இருக்குமே, அதைச் சொல்லுங்கள். கதை நாலு வரி போதும்.

நானே தொடங்குகிறேன். கியோஷி குரோசாவாவின் 'க்யூர்', 1997. அகிரா குரோசாவாவுக்கும் இவருக்கும் உறவு எதுவும் கிடையாது. டோக்கியோவில் அடுத்தடுத்துக் கொலைகள். ஒவ்வொன்றையும் செய்தது வேறு வேறு ஆள். ஆனால் எல்லாச் சடலத்திலும் கழுத்துப் பக்கம் பெருக்கல் குறி போல அறுத்திருக்கிறது. செய்தவர்களுக்கே ஏன் செய்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. விசாரிக்கும் அதிகாரி தகாபேவாக கோஜி யாகுஷோ. கதை இவ்வளவு போதும்.

என்னைப் பிடித்துக்கொண்டது கொலைகள் இல்லை. தகாபே வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். உள்ளே துணி மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் அதில் துணியே இல்லை, வெறுமனே சுற்றுகிறது. மனநலம் சரியில்லாத மனைவி போட்டுவிட்டு மறந்தது. அவர் கோபப்படுவதில்லை, ஒரு வார்த்தை கேட்பதில்லை, நிறுத்திவிட்டுப் போகிறார். படத்தில் இது திரும்பவும் வரும். யாகுஷோ அந்த முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பார். அந்த மனிதருக்குள் என்ன சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நமக்குத்தான் வயிற்றைப் பிசையும். அடுத்த முறை கொலைகாரனைத் தேடி அவர் வெளியே கிளம்பும்போது, வீட்டில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருக்குமோ என்ற நினைப்போடுதான் நான் படம் பார்த்தேன்.

சரி, உங்கள் முறை.


மழைத்தாள் எழுதியது:

நல்ல இழை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'க்யூர்' படத்தை நான் போன வருஷம் போட்டு 40 நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். யாரோ "உலகத்திலேயே பயங்கரமான படம்" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். பயமே வரவில்லை. கேமரா தூரத்திலேயே நிற்கிறது, யாரும் கத்துவதில்லை. நான் எதைத் தவறவிட்டேன்?


பின்வரிசை எழுதியது:

மழைத்தாள், நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த விளம்பரம்தான் உங்களைத் தவறான வாசலில் கொண்டுபோய் விட்டது. திடுக்கிட வைக்கும் படம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் இது காலி.

கேமரா தூரத்தில் நிற்கிறது என்றீர்களே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய காவல் சாவடிக்கு வெளியே நடக்கும் காட்சி. ஜப்பானில் தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் 'கோபான்'. ஒரு போலீஸ்காரர் வெளியே வருகிறார், கூட வேலை பார்ப்பவரைச் சுடுகிறார். குப்பைக்கூடையை எடுத்து வைப்பது போன்ற ஒரு சாதாரணத்தோடு அது நடக்கிறது. க்ளோஸ்-அப் இல்லை, முகம் காட்டி நமக்குக் காரணம் சொல்வதில்லை. அருகில் போயிருந்தால் அவர் வெறிபிடித்தவர் என்று முடிவுகட்டி நிம்மதி அடைந்திருப்போம். தூரத்திலிருந்து பார்ப்பதால் அவர் நம் தெருவில் நிற்கும் யாரோ ஒருவராகத் தெரிகிறார்.

இன்னொன்று. படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'தெந்தோஷி', அதாவது மதத்தைப் பரப்புகிறவர். 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டத்தார் சாரின் விஷவாயு வைத்ததை நினைத்துப் பாருங்கள். அந்தப் பேரில் படம் வந்தால் அதோடுதான் முடிச்சுப் போடுவார்கள் என்று மாற்றிவிட்டார்கள். படித்த, அமைதியான, பக்கத்து வீட்டு மனிதர்கள் அப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று பார்த்த ஊர் அது. அந்தப் பார்வையாளர்களுக்கு அந்தச் சாவடிக் காட்சி எப்படி இருந்திருக்கும்!

இரவில், ஹெட்ஃபோன் போட்டு, முதலிலிருந்து பாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு இரைச்சல் வைத்திருக்கிறார். முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.


தறிக்கூடம் எழுதியது:

நான் பயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வருகிறேன். 'ரிவர்', 2023, இயக்கம் ஜுன்தா யாமகுச்சி, எழுதியவர் மகோதோ உவேதா. இவர்கள் கியோட்டோவில் இயங்கும் 'யூரோப் கிகாகு' என்ற நாடகக் குழு. இதற்கு முன்னால் 2020இல் இதே கூட்டணி ஒரு படம் எடுத்தது: மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் திரை, கீழே காபிக் கடையில் இருக்கும் டிவி முன்னால் இரண்டு நிமிடம் கழித்து நடக்கப்போவதைக் காட்டும். 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்' என்று தேடினால் கிடைக்கும். 70 நிமிடம், மொபைலில் எடுத்தது, ஒரே ஷாட் போலத் தெரியும்.

'ரிவர்' கியோட்டோவுக்கு வடக்கே மலையில் இருக்கும் கிபுனே என்ற இடத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய பழைய விடுதியில் நடக்கிறது. அங்கே வேலை செய்யும் மிகோதோ என்ற பெண் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறாள். இரண்டு நிமிடம் ஆனதும் எல்லோரும் அவரவர் நின்ற இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நினைவு மட்டும் யாருக்கும் அழிவதில்லை. வழக்கமான டைம் லூப் படத்தில் ஒருத்தருக்குத்தானே தெரியும், மற்றவர்கள் பொம்மை மாதிரி இருப்பார்களே, இங்கே மொத்த விடுதிக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது சூடு ஏறாத சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது. அடுப்பங்கரையில் 'அத்சுகான்', அதாவது சூடான சாக்கே, தயாராக வைத்திருக்கிறார்கள். அது சூடாகவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அது பழையபடி குளிர்ந்த சாக்கே. இரண்டு விருந்தாளிகள் கஞ்சி சாப்பிடுகிறார்கள், கிண்ணம் காலியாவதே இல்லை. ஒருவர் குளியலறையில் தலையில் ஷாம்பூ நுரையோடு மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு எழுத்தாளருக்கோ கெடு தேதி வரவே வராது என்று தெரிந்து ஒரே சந்தோஷம். பெரிய பிரபஞ்சத் தத்துவத்தை ஒரு விடுதியின் அன்றாட வேலைக்குள் வைத்துவிட்டார்கள். பணியாளர்கள் இத்தனை குழப்பத்திலும் விருந்தாளியிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள், விளக்கி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிடும், மறுபடி படியேறி ஓடுவார்கள். அந்தப் படிகளை நான் நன்றாக மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஒவ்வொரு சுற்றும் வெட்டில்லாத ஒரே ஷாட். அதனால் ஓட்டம், மூச்சிரைப்பு எல்லாம் உண்மை. சில சுற்றுகளில் பனி கொட்டும், அடுத்த சுற்றில் இருக்காது. படப்பிடிப்பு நேரத்தில் நிஜமாகவே பனி வந்துவிட்டது, அதை மறைக்காமல் கதைக்குள் எடுத்துக்கொண்டார்கள். நாடகக்காரர்களுக்கு இது கைவந்த விஷயம். மேடையில் விளக்கு அணைந்தால் நிறுத்தவா முடியும்?


செம்மண் எழுதியது:

'ஆர்-பாயின்ட்', 2004, கொரியா. இயக்கம் கோங் சூ-சாங்.

வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணையாகத் தென் கொரியா 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் இந்தப் படம் பார்த்துத்தான் தெரியும். 1972. செத்துப்போனதாக முடிவு செய்த ஒரு பிரிவிடமிருந்து ரேடியோவில் உதவி கேட்டுக் குரல் வருகிறது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க லெப்டினன்ட் சோய் தலைமையில் ஒரு சிறு படை போகிறது.

படமெடுத்த இடம் கம்போடியாவின் போகோர் மலை. பிரெஞ்சுக்காரர்கள் 1920களில் கட்டிய ஓட்டல் ஒன்று அங்கே பாழடைந்து கிடந்தது. அந்தக் கட்டடம்தான் படத்தின் பேய் வீடு. செட் போட்டு அந்த ஈரத்தைக் கொண்டுவர முடியாது. சுவரெல்லாம் பாசி, மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகிறது. யாருக்காகக் கட்டினார்கள், யார் அடித்துப் பிடித்தார்கள், இப்போது யார் வந்து படுத்திருக்கிறார்கள் என்று அந்தக் கட்டடமே கேட்பது போல இருக்கும். கையில் இரத்தக்கறை படிந்தவன் திரும்பிப் போக முடியாது என்பதுதான் அந்த இடத்தின் சாபம்.

ஒரு இடத்தில் ஆட்களின் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக வராது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். இராணுவத்தில் தலை எண்ணுவது தினப்படி வேலை. என் சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர், காலையும் மாலையும் எண்ணுவோம் என்பார். அந்த அன்றாட வேலைக்குள் பயத்தை வைத்ததுதான் இயக்குநரின் சாமர்த்தியம். இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கிறது, யார் யார் என்று முகங்கள் குழம்புகின்றன. அது குறைதான். அப்படியிருந்தும் போர்ப் படமும் பேய்ப் படமும் இப்படி ஒட்டிக்கொண்டு வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.


கோடையிடி எழுதியது:

'சேவ் தி கிரீன் பிளானட்', 2003, ஜாங் ஜூன்-ஹ்வான். 'ஓல்ட்பாய்', 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' வந்த அதே ஆண்டு. அந்த மூன்றும் உலகம் சுற்றின. இது கொரியாவிலேயே ஓடவில்லை. ஏதோ கோமாளிக் காமெடி போல விளம்பரம் செய்துவிட்டார்கள், சிரிக்கப் போனவர்கள் உறைந்துபோய் வெளியே வந்தார்கள்.

பியோங்-கு என்ற இளைஞன் ஒரு ரசாயனக் கம்பெனி முதலாளியைக் கடத்தி மலைவீட்டு நிலவறையில் அடைக்கிறான். முதலாளி ஆண்ட்ரோமெடாவிலிருந்து வந்த வேற்றுக்கிரகவாசி, அடுத்த சந்திர கிரகணத்துக்குள் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவன் நம்பிக்கை. முடி வழியாகத்தான் அவர்கள் சேதி அனுப்புகிறார்கள் என்று தலையை மழித்துவிடுகிறான். அப்புறம் குளியலறையில் அழுக்குத் தேய்க்கும் சொரசொரப்பான கையுறைத் துணி கொரியாவில் எல்லா வீட்டிலும் இருக்குமே, அதை எடுத்துப் பாதத்தைத் தோல் உரியத் தேய்த்து, அதன்மேல் வலித் தைலத்தைப் பூசுகிறான். ஆயுதம் எல்லாம் வீட்டு அலமாரியில் இருப்பவை. அதைப் பார்க்கும்போது என் பாதம் கூசியது. கொஞ்ச நேரம் கழித்து அவன் வாழ்க்கை தெரியவரும்போது, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், போலீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் அவன் அடி வாங்கியது தெரியும்போது, இந்தத் தேய்ப்பு வேறு விதமாக வலிக்கும். பியோங்-குவாக ஷின் ஹா-க்யுன் நடிப்பு என் மனதில் அப்படியே நிற்கிறது.

2025இல் யோர்கோஸ் லாந்திமோஸ் இதை 'புகோனியா' என்று மறுபடி எடுத்தார், முதலாளியாக எம்மா ஸ்டோன். அதைப் பார்த்தவர்கள் தயவுசெய்து மூலத்தையும் பாருங்கள். புதியது கச்சிதமான படம். பழையது ஒரே காட்சிக்குள் சிரிப்பும் அழுகையும் சித்திரவதையும் மாறி மாறி அடிக்கும், கட்டுக்கடங்காது. எனக்கு அந்தக் கட்டுக்கடங்காமைதான் பிடிக்கிறது.


செம்மண் எழுதியது:

கோடையிடி, எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அந்தப் பையன் மேல் நமக்கு இரக்கம் வர வேண்டும் என்பதற்காக அவன் பட்ட துன்பம் முழுவதையும் பிற்பாதியில் ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள். அதுவரை சித்திரவதையைச் சிரிப்பாகக் காட்டிவிட்டு, இப்போது அழு என்றால் எனக்கு முடியவில்லை. நிலவறையில் கட்டுண்டு கிடக்கும் பெக் யூன்-சிக்கின் நடிப்புதான் எனக்குப் படத்தின் உயிர். அடிபடுகிறவர் ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார், அதைக் கண்ணில் பார்க்கலாம்.


கோடையிடி எழுதியது:

முதல்முறை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் முறை பார்த்தபோது ஆரம்பத்திலிருந்தே அவன் முகத்தில் அது இருக்கிறது. தேனீப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும்போது பாருங்கள். சிரிப்பாகக் காட்டியது படமா, சிரித்தது நாமா என்று நான் கொஞ்ச நாள் யோசித்தேன். ஆனால் பெக் யூன்-சிக் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.


நீலாம்பல் எழுதியது:

எல்லாரும் படங்களைச் சொல்லிவிட்டீர்கள். நான் சப்டைட்டில் பக்கமாக வருகிறேன். ஆர்வத்தில் சில கொரியப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிப் பார்த்தவள் நான். ஆங்கிலம் வழியாகப் பார்க்கும்போது நம்மிடமிருந்து எது போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

'தி குவயட் ஃபேமிலி', 1998. கிம் ஜீ-வூனின் முதல் படம். நகரத்தை விட்டு மலையில் விடுதி தொடங்கும் குடும்பம். யாரும் வந்து தங்குவதில்லை. கடைசியில் வருகிற முதல் ஆள் ராத்திரியே தற்கொலை செய்துகொள்கிறார். விடுதிக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்று ரகசியமாகப் புதைக்கிறார்கள். அப்புறம் அடுத்த ஆள். சொங் காங்-ஹோ மகன், சோய் மின்-சிக் அந்த வீட்டு 'சம்சோன்'. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று வருகிறது. சம்சோன் என்றால் அப்பாவின் உடன்பிறந்தவர். அம்மாவின் உடன்பிறந்தவருக்கு முன்னால் ஒரு 'வே' சேரும். நமக்கு இது தண்ணி பட்ட பாடு: சித்தப்பா வேறு, மாமா வேறு. அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் கல்யாணம் ஆகாத சித்தப்பா என்று தெரிந்ததும் சோய் மின்-சிக் மண்வெட்டியோடு நிற்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. எந்த வேலையையும் மறுக்க முடியாத இடத்தில் அவர் இருக்கிறார். ஆங்கிலத்தில் படித்தால் அவர் சும்மா ஒரு உறவினர்.

அதே போல அண்ணன், அக்கா என்று கூப்பிடும் ஹ்யோங், நூனா, ஓப்பா, ஒன்னி எல்லாம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் வெறும் பெயராகிவிடும். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நம் வீட்டில் என்ன நடக்கும்? கொரியப் படத்தில் அந்த இடத்தில் அதேதான் நடக்கிறது. காதைத் தீட்டிக் கேளுங்கள், கீழே எழுத்தில் எதுவும் மாறியிருக்காது.

பின்வரிசை சொன்ன 'க்யூர்' படத்திலும் ஒன்று. மாமியா என்ற அந்த ஞாபகமில்லாத ஆள் எதிரே இருப்பவரைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒரு பெரிய அதிகாரி, தலைமையகத்து ஃபுஜிவாரா என்று பதவியோடு சொன்ன பிறகும் அதே கேள்வி. அவன் சொல்லும் 'அன்தா' என்பது அந்த இடத்துக்கு மரியாதை குறைந்த சொல். தமிழில் "நீங்கள்" என்று போட்டால் காட்சி செத்துவிடும். "நீ யாரு?" என்றுதான் போட வேண்டும். பதவியை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்கிற கேள்வி அது.

'குவயட் ஃபேமிலி'யை 2001இல் ஜப்பானில் தகாஷி மீகே மறுபடி எடுத்தார், 'தி ஹேப்பினஸ் ஆஃப் தி கடகுரிஸ்'. பிணத்தைப் புதைக்கும் குடும்பம் பாட்டுப் பாடி ஆடுகிறது, நடுவில் களிமண் பொம்மைகள் வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து இரண்டு ராத்திரி பாருங்கள். கொரியக் குடும்பம் வாயை மூடிக்கொண்டு குழி தோண்டுகிறது, ஜப்பானியக் குடும்பம் கையைக் கோத்துக்கொண்டு பாடுகிறது.


பின்வரிசை எழுதியது:

நீலாம்பல் அக்கா, "நீ யாரு?" பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நாலு தரம் பார்த்த படம். மிக்க நன்றி. நீங்கள் செய்த தமிழ் சப்டைட்டில் பற்றித் தனி இழை தொடங்கினால் படிக்க நான் முதல் ஆள்.


பழையசோறு எழுதியது:

படங்கள் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் பழைய படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாக வைத்திருக்கிறது. 1960, 70களின் படங்கள் ஏராளம். கிம் கி-யங் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். பல் மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 1977இல் எடுத்த 'இயோடோ' தீவுப் படம் மாதிரி ஒன்றை அந்தக் காலத்தில் எப்படி அனுமதித்தார்கள் என்று இன்னும் ஆச்சரியம்.

அவருடைய 'தி ஹவுஸ்மெய்ட்', 1960. இசை ஆசிரியர் ஒருவரின் குடும்பம் மாடி வைத்த புது வீட்டுக்குப் போகிறது. வேலைக்கு ஒரு பெண் வருகிறாள். அந்த வீடு எப்படி வந்தது என்றால், மனைவி தையல் மெஷினில் குனிந்து குனிந்து தைத்து வந்தது. உடம்பு கெட்டுப்போகிறது, தையல் நிற்பதில்லை. அலமாரியில் எலி மருந்து இருக்கிறது என்று நமக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் யார் எதைக் குடித்தாலும், தண்ணீர்க் குவளையை யார் கையில் எடுத்தாலும் நம் கண் அலமாரிக்குப் போகும். பேய் எதுவும் கிடையாது, ஆனாலும் படிக்கட்டைப் பார்த்தாலே பயம். போங் ஜூன்-ஹோ 'பாரசைட்' படிக்கட்டுகளுக்கு இந்தப் படத்தைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்.

இந்தப் படத்தின் இரண்டு ரீல்கள் தொலைந்துபோய் இருந்தன. பிற்பாடு கிடைத்த பிரதியில் ஆங்கில வரிகள் கையெழுத்தில் பெரிதாக, படத்தின் மேலேயே பதிந்திருந்தன. 2008இல் ஹாலிவுட் இயக்குநர் ஸ்கார்செசியின் உலகத் திரைப்பட அறக்கட்டளை உதவியோடு அந்த எழுத்துகளை ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்துப் புதுப்பித்தார்கள். நடுவில் சில நிமிடம் படம் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் காரணம். உங்கள் இணையத்தில் கோளாறு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.


தறிக்கூடம் எழுதியது:

பழையசோறு ஐயா, இன்றே போட்டுவிடுகிறேன். தையல் மெஷின் என்றதும் எங்கள் வீடு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். ராத்திரி அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்.


மழைத்தாள் எழுதியது:

'க்யூர்' பார்த்துவிட்டேன். நேற்று இரவு, ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்து, முழுசாக.

கதையை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்ன மெஷின் வந்தபோதே கழுத்து விறைத்துவிட்டது. மாமியா லைட்டரைப் பற்றவைக்கும்போதும், தரையில் தண்ணீர் மெல்லப் பரவும்போதும், நான் திரையில் எதைப் பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. சுடரைப் பார்த்துக்கொண்டு வசனத்தை விட்டுவிட்டேன், மறுபடி பின்னால் ஓட்ட வேண்டியிருந்தது. நீலாம்பல் அக்கா சொன்ன "நீ யாரு?" ஒவ்வொரு முறையும் காதில் தமிழில்தான் விழுந்தது.

கடைசியில் ஓட்டல் காட்சி. தகாபே சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பரிமாறுகிற பெண் நடந்து போகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது என்று ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். அப்புறம் என்னவோ உறுத்தியது. திரும்ப அந்தக் கடைசி நொடிகளைப் போட்டேன், அந்தப் பெண்ணின் கையை மட்டும் பார்த்தேன்.

பின்வரிசை, நீங்கள் முதல் தடவையே அதைக் கவனித்தீர்களா?


பின்வரிசை எழுதியது:

இல்லை. மூன்றாவது தடவைதான்.